மாரியப்பன் பதினோரு முறை விழுந்தான்

ஹரிணிக் கண்ணு, தினேஷு சாமி, இரண்டு பேரும் போனைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் வாருங்கள். இந்த வாரம் எழுதியிருப்பதை நீங்கள் பத்திரிகையில் பார்ப்பதற்கு முன்னால் நானே வாசித்துக் காட்டிவிடுகிறேன். போன வாரம் குப்பனூர் வளைவில் கரடி பார்த்த கதையைப் படித்துவிட்டுச் சிரித்தீர்கள். இதில் சிரிக்கவும் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் உங்கள் அப்பா செய்த ஒரு தப்பும் இருக்கிறது. அதை ஊரார் வாயால் நீங்கள் கேட்க வேண்டாம்.

நாகலூர் எஸ்டேட்டின் பழைய காப்பி குடோன். மத்தியானம் மூன்று மணி. சீசன் முடிந்து குடோன் காலியாகக் கிடந்தது. ஜன்னலுக்கெல்லாம் சாக்கு அடித்து இருட்டாக்கியிருந்தோம். எதிர்ச் சுவரில் இரண்டு வெள்ளை வேட்டிகளைச் சேர்த்துத் தைத்துக் கட்டியிருந்தோம்.

அந்த வேட்டியில் ஒரு வெள்ளைக்காரன் நிற்கிறான். கறுப்பு வெள்ளைப் படம். அவனுக்கு ஒரு கால்தான் நிஜக் கால். இன்னொன்று, படகுத் துடுப்பை அறுத்துச் செதுக்கிய கட்டை. நாற்காலியின் முதுகைப் பிடித்திருக்கிறான். பிடியை விடுகிறான். ஒரு எட்டு வைக்கிறான். விழுகிறான்.

எழுபது பேர் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார்கள். தகரக் கூரையில் தூறல் விழுகிற சத்தம் மட்டும். கதவிடுக்கு வழியாகப் பனி உள்ளே வந்து, புரொஜெக்டர் வெளிச்சத்தில் புகை மாதிரி நகர்ந்துகொண்டிருந்தது.

கடைசி வரிசையில், கதவை ஒட்டி, தொடையிலிருந்து கீழே போர்வையால் மூடிக்கொண்டு உங்கள் முருகேசு மாமா உட்கார்ந்திருந்தார். அந்தப் படத்தைப் போட்டதே அவர் ஒருத்தருக்காகத்தான்.

படத்தின் பெயர்

படத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் நீங்கள் உடனே தேடி எடுத்து, ஓட்டி ஓட்டிப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானாப்பா" என்பீர்கள். ஒரு நாள் நாம் மூன்று பேரும் சேர்ந்து, நிறுத்தாமல் பார்க்கலாம். அதுவரை பொறுங்கள்.

ஹாலிவுட்டில் உங்கள் தாத்தா பிறப்பதற்கு முன்னாலேயே எடுத்த படம். நிஜமாக வாழ்ந்த ஒரு மனிதரின் கதை என்று டேனியல் சார் சொன்னார். ஒரு பெரிய ஆற்றங்கரையில் படகு செய்து பிழைத்தவர். மரத்தடிகளைக் கரையேற்றும்போது சங்கிலி நழுவி, ஒரு தடி உருண்டு வந்து அவர் காலை வாங்கிவிடுகிறது. படுத்துக் கிடந்தவர் ஒரு நாள் எழுந்து, தன்னுடைய துடுப்பையே அறுத்துத் தனக்குக் கால் செய்துகொள்கிறார். பிறகு வாழ்நாள் முழுக்க மற்றவர்களுக்குக் கால் செய்கிறார். யுத்தத்தில் கால் போன சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் அவர் வாசலுக்கு வருகிறார்கள். அவ்வளவுதான் கதை. சண்டை கிடையாது. துப்பாக்கி ஒரே ஒரு முறைதான் வரும், அதுவும் சுவரில் மாட்டியிருக்கும்.

டேனியல் சார் யார் என்று நீங்கள் மறந்திருக்கலாம். ஏற்காட்டில் ஏரி ரோட்டுக்கு மேலே, நான் காவல் பார்க்கும் காட்டேஜுக்கு அடுத்த வீடு. ரிட்டையர் ஆன சரித்திர வாத்தியார். பழைய இங்கிலீஷ் படங்களை டிஸ்க்காக வாங்கி, அரிசி டப்பாவுக்குள் காற்றுப் புகாமல் அடுக்கி வைத்திருப்பார். நம் மலை ஈரத்துக்கு அப்படி வைக்காவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும். நான் அவர் வீட்டு வயரிங் வேலை பார்த்துக் கொடுப்பேன். அதற்குக் கூலியாக மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை புரொஜெக்டரையும் ஒரு படத்தையும் தருவார். அதைத்தான் நாகலூர் குடோனில் போடுவோம்.

வெள்ளைக்காரனுக்கு வைத்த பெயர்

இங்கிலீஷ் படத்தை நாகலூரில் யார் பார்ப்பார்கள் என்று கேட்பீர்கள். எல்லோரும் பார்ப்பார்கள், நான் கதை சொன்னால்.

எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். என் இங்கிலீஷ் எல்லாம் காட்டேஜ் கெஸ்டுகளிடம் பொறுக்கியது. அதனால் சார் வீட்டில் முதலில் ஒருமுறை பார்த்து, சார் சொல்லச் சொல்லக் கதையை மனசில் ஏற்றிக்கொண்டு, குடோனில் வேட்டிக்குப் பக்கத்தில் நின்று தமிழில் சொல்லிக்கொண்டே போவேன். வெள்ளைக்காரப் பெயர்கள் யார் வாயிலும் நுழையாது. அதனால் எந்தப் படமானாலும் கதாநாயகன் மாரியப்பன், கதாநாயகி சரோசா, கூட வருகிறவன் சின்னச்சாமி. இது நாகலூர் சட்டம்.

பாப்பாத்தி அக்கா தெரியுமல்லவா, காப்பிப் பழம் பறிக்கிற கூட்டத்துக்குத் தலைவி? அவர்தான் முன்வரிசை. ஒரு படத்தில் கதாநாயகன் வேறொருத்தியை முத்தமிட்டபோது எழுந்து நின்றுவிட்டார். "ஏனுங்க தம்பி, போன மாசம்தான இந்த மாரியப்பனுக்கு ஏழு புள்ளைங்கன்னு சொன்னீங்க?"

"அது வேற மாரியப்பனுங்க அக்கா."

"எல்லா மாரியப்பனும் ஒரே மாதிரிதான் இருக்கறானுங்க," என்றுவிட்டு உட்கார்ந்தார்.

இன்னொரு வழக்கமும் உண்டு. அந்தக் காலத்துப் படங்களில் எடுத்தவர்களின் பெயரையெல்லாம் ஆரம்பத்திலேயே போடுவார்கள். பொடிசுகள் கத்துவார்கள். எந்த நேரத்தில் கரண்ட் போகுமோ என்று எனக்கும் பயம். அதனால் நான் அதைத் தாண்டித்தான் போடுவேன். "பேரைப் பாத்து என்னங்க பண்றது, நம்ம சொந்தக்காரங்களா?" என்பேன். எல்லோரும் சிரிப்பார்கள்.

ஏணி

இப்போது அந்த விஷயத்துக்கு வருகிறேன்.

மிளகுக் கொடி சில்வர் ஓக் மரத்தைப் பற்றிக்கொண்டு முப்பது அடி போகும். பறிக்க ஒற்றை மூங்கில் ஏணிதான். ஒரே மூங்கில், கணுவுக்குக் கணு கால் வைக்க ஒரு குச்சி. மேலே ஏறியவன் ஏணியின் தலையைக் கயிற்றால் மரத்தோடு கட்டும்வரை அதற்குக் கீழே நிற்பவன்தான் பிடிமானம். இரண்டு கையாலும் பிடித்து, அடியில் ஒரு காலை முட்டுக்கொடுத்து நிற்க வேண்டும். ஏணி பிடிப்பவனிடம் யாரும் பேசக் கூடாது. அவன் வெற்றிலை போடக் கூடாது. கட்டி முடித்தவன் மேலேயிருந்து "ஆச்சு" என்று குரல் கொடுத்தால்தான் கையை எடுக்கலாம். நம் மலையில் இது எழுதாத சட்டம்.

தை மாதம் பிறந்து கொஞ்ச நாள். மிளகுப் பறிப்புக்கு நானும் போவேன். முருகேசு மாமா மேலே, நான் கீழே. "ஆச்சு" என்று அவர் இன்னும் சொல்லவில்லை. என் சட்டைப் பையில் போன் அடித்தது. ஒரு கையை எடுத்தேன்.

காலர் டியூன் வைக்கச் சொல்லும் ரெக்கார்டு குரல். அந்த அம்மாளின் குரல் இப்போதும் என் காதில் இருக்கிறது.

மாமா பாறைமேல் விழுந்தார். வலது கால் நசுங்கிப்போயிற்று. சேலம் ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நீங்கள் அப்போது சேலத்தில் சித்தி வீட்டில் இருந்து படித்துக்கொண்டிருந்தீர்கள். உங்களிடமும், உங்கள் அம்மாவிடமும், போலீசிடமும், எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரிடமும் நான் சொன்னது ஒரே வாக்கியம்: "ஏணி சறுக்கிடுச்சுங்க."

சறுக்கியது உண்மைதான். ஏன் சறுக்கியது என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

"உழுந்து பாத்தாச்சுங்க"

மாமா வீட்டுக்கு வந்த பிறகு வாசலைத் தாண்டவே இல்லை. நாலு மாதம். ஊரில் திருவிழா வந்து போயிற்று, அதற்கும் வரவில்லை. என் தங்கச்சி, உங்கள் லட்சுமி அத்தை, காட்டுக்குப் போய்விட்டு வந்தால், காலையில் வைத்த சோறு வைத்தபடி இருக்கும்.

சேலத்தில் செயற்கைக் கால் செய்கிறவர் ஒருவர் புதன்கிழமைகளில் அளவெடுப்பார். புண் நன்றாக ஆறிவிட்டது, இனி தாமதிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மடக்கியே வைத்திருந்தால் முழங்கால் அப்படியே இறுகிவிடும், பிறகு எந்தக் கால் மாட்டினாலும் நிற்க முடியாதாம். மூன்று புதன்கிழமை நான் பிக்கப் வண்டியோடு போய் வாசலில் நின்றேன். மூன்று முறையும் மாமா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"நடந்தா மறுக்கா உழுவேனுங்க, மாமா. உழுந்து பாத்தாச்சுங்க. போதும்."

லட்சுமி அத்தை என்னை வெளியே கூட்டிவந்து மெதுவாகச் சொன்னது: "அண்ணா, அடுத்த புதனும் போகலீன்னா முட்டி நின்னுபோயிருமாம். நான் சொன்னாக் கேக்க மாட்டேங்கறாரு. நீங்கதான் ஏதாச்சும் பண்ணோணும்."

நான்தான் பண்ண வேண்டும். அது சரிதான். பண்ணினவனும் நான்தானே.

எடுத்தவர்கள்

டேனியல் சாரிடம் இதைச் சொன்னேன். போன் விஷயத்தைச் சொல்லவில்லை. அவர் அரிசி டப்பாவைத் திறந்து இந்தப் படத்தை எடுத்தார். இரண்டு நாள் பார்த்தோம். படத்தைவிட, அதை எடுத்த விதத்தைச் சார் சொன்னபோதுதான் நான் வாயைப் பிளந்தேன். கண்ணுகளா, இதைக் கவனமாகக் கேளுங்கள்.

நடிகருக்கு இரண்டு காலும் நன்றாகத்தான் இருந்தது. ஒரு காலைப் பின்னால் மடக்கித் தோல்வாரால் தொடையோடு இறுக்கிக் கட்டி, முழங்காலில் கட்டையை மாட்டிவிடுவார்களாம். கொஞ்ச நேரத்தில் கால் மரத்துப்போகும். டைரக்டர் அவரிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாராம்: நீ விழுந்தால் நான் நிறுத்தச் சொல்லமாட்டேன், நீ எழுந்திருக்கும்வரை கேமரா ஓடும். நடக்கப் பழகும் காட்சியில் கதைப்படி மூன்று முறைதான் அவர் விழ வேண்டும். மிச்சமெல்லாம் அந்த மனிதர் நிஜமாகவே விழுந்தது.

"எதுக்குங்க சார் அதையெல்லாம் வெச்சுக்கிட்டாங்க? வெட்டி எறிஞ்சிருக்கலாமே?"

"எழுந்திரிக்கறது பொய்யா இருக்கக் கூடாதுன்னுதான், பெருமாளு," என்றார் சார்.

அந்தக் காட்சியில் தரை கண்ணுக்கு நேரே தெரியும். நாமே குப்புறக் கிடந்து பார்ப்பதுபோல இருக்கும். கேமராவை அவ்வளவு கீழே இறக்க முடியாமல், ஸ்டுடியோத் தரையை உடைத்து இடுப்பளவு குழி தோண்டி, கேமராக்காரர் அதற்குள் இறங்கி நின்றாராம். நாம் காப்பிச் செடிக்குக் குழி எடுப்போம். ஒரு மனிதன் விழுவதைச் சரியாகப் பார்ப்பதற்காகக் குழி எடுத்தவர்களும் இந்த உலகத்தில் இருந்திருக்கிறார்கள்!

கடைசியில் ஒரு நடனக் காட்சி. ஊரே கூடி ஆடும். ஆடுகிற ஆண்கள் யாரும் நடிகர்கள் இல்லை. அப்போதுதான் ஒரு பெரிய யுத்தம் முடிந்திருந்தது. அதில் கால் இழந்த சிப்பாய்களைத் தேடித் தேடிக் கூட்டிவந்தார்களாம். முதல் நாள் அவர்கள் கூச்சப்பட்டு, கட்டை தெரியாமல் நீளக் கால்சட்டை கேட்டிருக்கிறார்கள். துணி தைக்கும் அம்மாள் கேட்டபடியே தைத்துக் கொடுத்தார். இரண்டாம் நாள் ஒரு சிப்பாய் அவரிடம் வந்து, என்னுடையதை மட்டும் நான்கு விரல் குட்டையாக்குங்கள் என்றாராம். மூன்றாம் நாள் அந்த அம்மாள் அத்தனை கால்சட்டைகளையும் குட்டையாக்கிக்கொண்டிருந்தாராம்.

எனக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை. அந்த மண்டபத்தில் விளக்கெல்லாம் எங்கோ உயரத்தில் இருந்தன. "அவ்வளவு உசரத்துல எப்படிங்க சார் மாட்டினாங்க?"

"ஏணி போட்டுத்தான். கீழே ஒருத்தர் புடிச்சிருப்பாரு," என்றார் சார், சாதாரணமாக. நான் டிஸ்க்கை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

நான் போட்ட திட்டம்

மாமாவைக் குடோனுக்கு வரவழைத்தது லட்சுமி அத்தை. "அண்ணன் கதை சொல்றாரு, சிரிச்சு எத்தன நாளாச்சு" என்று நச்சரித்து, வண்டியில் ஏற்றிவிட்டார். கதவோரம்தான் உட்காருவேன், பிடிக்காவிட்டால் போய்விடுவேன் என்ற நிபந்தனையோடு மாமா வந்தார்.

நானும் ஒரு திட்டம் போட்டு வைத்திருந்தேன். வலியைச் சொல்லக் கூடாது. விழுவதைப் பெரிதாக்கக் கூடாது. கால் மாட்டினான், நடந்தான், ஆடினான் என்று கதையை நேராக்கிவிட வேண்டும். சொல்வது நான், இங்கிலீஷ் யாருக்கும் தெரியாது. என்னை மீறி என்ன நடந்துவிடும் என்று நினைத்தேன்.

நடக்கப் பழகும் காட்சி வந்தது.

"பாத்துக்குங்க, மாரியப்பன் கால மாட்டிட்டான். வலின்னா என்னன்னே தெரியலீங்க அவனுக்கு. செருப்பு மாட்டுன மாதிரி இருக்குதுங்கறான்."

"புதுச் செருப்புக் கடிக்குமுங்களே தம்பி," என்றார் பாப்பாத்தி அக்கா. எல்லோரும் சிரித்தார்கள்.

மாரியப்பன் விழுந்தான்.

"ஒண்ணுமில்லீங்க, தரையில எண்ணெ சிந்திக் கெடந்துச்சு."

மறுபடி விழுந்தான்.

"காத்து அடிச்சிருச்சுங்க."

"ஊட்டுக்குள்ள என்னுங்க காத்து?" என்றார் அக்கா. இந்த முறை கொஞ்சம் பேர்தான் சிரித்தார்கள்.

மூன்றாவது முறை அவன் விழுந்தபோது முகம் தரையில் உரசியது. நெற்றி நரம்பு புடைத்திருந்தது. இரண்டு வேட்டிகளின் தையல் அவன் கன்னத்தின் நடுவே ஓடியது. "இப்ப வந்து... அவன் தமாசுக்கு உழுவறான். சரோசாவைச் சிரிக்க வெக்கறதுக்கு," என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. நாலு மாதமாகச் சுவரைப் பார்த்தே பேசிய குரல்.

"மாமா, செத்த நேரம் சும்மா இருங்க. அவன் சொல்றது எனக்குக் கேக்குதுங்க."

படத்தில் அவன் ஒன்றுமே சொல்லவில்லை. கீழ் உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி கிடந்தான்.

வாய் மூடியவன் பார்த்தது

ஒரு சாக்கின்மேல் உட்கார்ந்தேன். கதை சொல்ல ஆரம்பித்த காலத்திலிருந்து, அந்தக் குடோனில் நான் பேசாமல் ஒரு படத்தைப் பார்த்தது அன்றுதான் முதல்முறை. சார் வீட்டில் இரண்டு முறை பார்த்திருந்தும், எதை எப்படிச் சொல்லலாம் என்றே யோசித்துக்கொண்டிருந்ததால், உண்மையில் பார்க்கவே இல்லை போலிருக்கிறது.

அவன் விழுந்தான், எழுந்தான், விழுந்தான். ஒவ்வொரு முறையும் எழும் விதம் வேறு. ஒருமுறை நாற்காலியைப் பிடித்து, ஒருமுறை சுவரில் முதுகைத் தேய்த்து, ஒருமுறை கோபத்தில் கட்டையைத் தரையில் குத்தி. குழிக்குள் நின்ற அந்தக் கேமராக்காரர் எழுபது பேரையும் அவன் பக்கத்தில் படுக்க வைத்துவிட்டார். கடைசியில் ஏழு அடி நடந்து கதவின் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டபோது, பாப்பாத்தி அக்கா "ஸ்ஸப்பா" என்று தன் முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டார்.

அடுத்து வந்ததுதான் நான் பயந்த காட்சி.

சங்கிலியை விட்ட ஆள் வருகிறான். நாங்கள் சின்னச்சாமி என்போமே, கூட்டாளி, அவன்தான். அன்றைக்கு யாரோ கூப்பிட்டார்கள் என்று ஒரு கணம் திரும்பியவன். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கிறான். உள்ளே மாரியப்பன் ஒரு நீளப் பலகையை அறுத்துக்கொண்டிருக்கிறான். நிமிர்ந்து பார்க்கிறான். மறுபடி அறுக்கிறான். ரம்பத்தின் சத்தம். ரொம்ப நேரம் அதே சத்தம். அறுக்க அறுக்கப் பலகையின் மறுமுனை துள்ளுகிறது. மாரியப்பன் அறுப்பதை நிறுத்தி, அந்த முனையைப் பார்க்கிறான். சின்னச்சாமி தொப்பியைக் கீழே வைத்துவிட்டு வந்து, இரண்டு கையாலும் அதைப் பிடிக்கிறான். ரம்பம் மறுபடி ஓடுகிறது.

அவ்வளவுதான். ஒரு வார்த்தை இல்லை. இந்த இடத்துக்கு இரண்டு பக்கம் வசனம் எழுதியிருந்தார்களாம். படம் பிடிக்கும் அன்று ரம்பத்தின் சத்தத்தைக் கேட்டுவிட்டு, எழுதியவரே போய், என் வசனம் வேண்டாம் என்றாராம். சார் சொன்னபோது, என்ன மனிதரப்பா என்று வியந்தேன். குடோனில் அன்றைக்கு வியக்க முடியவில்லை. "கால் வாங்க வந்த ஆளுங்க" என்று அந்த இடத்தில் சொல்ல நான் ஒரு பொய்யைத் தயார் செய்து வைத்திருந்தேன். அதை விழுங்கிவிட்டேன். பின்னால் திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. என் பிடரியில் யாரோ கை வைத்திருப்பது மாதிரி இருந்தது.

நடனக் காட்சி முடிந்து, சாக்கை விலக்கி வெளிச்சம் வந்த பிறகுதான் திரும்பினேன். மாமா அதே இடத்தில் இருந்தார். போர்வை மட்டும் மடித்து, பக்கத்தில் வைத்திருந்தது. ஊர் பார்க்கக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

திரும்பும் வழியில்

பிக்கப்பில் மூன்று பேரும் முன்னால் உட்கார்ந்தோம். நடுவில் லட்சுமி அத்தை. பனி கண்ணாடியில் அப்பிக்கொண்டது. வைப்பர் ஓடுகிற சத்தம் ரம்பம் மாதிரியே கேட்டது எனக்கு.

"பதினொண்ணு," என்றார் மாமா.

"என்னது மாப்ள?"

"பதினோரு தடவ உழுந்தானுங்க. எண்ணுனேன். நீங்க எண்ணெ, காத்துன்னு என்னென்னமோ சொன்னீங்க. அவன் உழுந்தது காலுனாலங்க. புதுக் காலுன்னா உழுவத்தான் செய்யும்."

வீட்டுக்குத் திரும்பும் மண்பாதையில் வண்டி இறங்கியது. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே மாமா சொன்னார்.

"போன் அடிச்சது எனக்கும் கேட்டுச்சுங்க, மாமா."

நான் பிரேக்கை அழுத்திவிட்டேன். வண்டி பாதை நடுவில் நின்றது. லட்சுமி அத்தை என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். அந்த ஒரு வாக்கியம்தான் நாலு மாதமாக என்னிடம் இருந்தது. ஏணி சறுக்கிடுச்சுங்க. அதையும் சொல்ல முடியவில்லை.

"கைய எடுத்துட்டேன் மாப்ள," என்றேன் கடைசியில்.

"தெரியுமுங்க."

"ஒருத்தருகிட்டயும் சொல்லலியே நீ?"

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

லட்சுமி அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்தார். அப்புறம் என்னைப் பார்த்து, "நீங்களா அண்ணா?" என்று ஒரே ஒருமுறை கேட்டார். நான் தலையாட்டினேன். அதன்பிறகு அன்றைக்கு அவர் என்னிடம் பேசவில்லை. பல நாள் பேசவில்லை. அது நியாயம்தான்.

வீட்டு வாசலில் மாமாவை இறக்கி, கைத்தடிகளை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு அடி போனவர் நின்றார்.

"புதன்கெழம எத்தன மணிக்குங்க கெளம்போணும்?"

"ஏழு மணிக்கு வந்தர்றேன், மாப்ள."

"சரிங்க. போன ஊட்டுல வெச்சுட்டு வாங்க."

அப்புறம்

அந்தப் புதன்கிழமை போனோம். மாமா விழுந்தார், கண்ணுகளா. பதினொன்றைத் தாண்டி, எண்ணுவதை விட்ட பிறகும் விழுந்தார். பிடிக்கும் இடத்தில் நான் நின்றேன், "விடுங்க" என்று அவர் சொன்ன பிறகுதான் விட்டேன். இன்று அவர் மாரமங்கலம் சந்தைக்குத் தனியாகப் போய் வருவதைப் பார்க்கிறீர்கள். அவர் நடையின் சத்தத்தை நீங்கள் விளையாட்டாகச் செய்து காட்டுவீர்கள். செய்யுங்கள், அவருக்கும் சிரிப்புத்தான். ஆனால் அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

அந்தப் புதன்கிழமைக்கு முன்னால், படம் போட்ட மறுநாள் காலையில், நான் ஒன்று செய்தேன். அதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

புரொஜெக்டரை எடுத்துவரக் குடோனுக்குப் போனேன். யாரும் இல்லை. ஒரே ஒரு ஜன்னலில் மட்டும் சாக்கு விலகியிருந்தது. அதை இழுத்து மூடினேன். வேட்டி அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. கதவோரம், மாமா உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து, படத்தை ஆரம்பத்திலிருந்து போட்டேன். நான் எப்போதும் தாண்டிவிடும் அந்த இடத்திலிருந்து.

பெயர்கள் வந்தன. எனக்கு இங்கிலீஷை எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். நான் ஒரு பெயரைப் படிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். அதனால் ஒவ்வொன்றாக நிறுத்தி வைத்து, எழுந்து நின்று, வாய்விட்டுப் படித்தேன். எழுதியவர். படம் பிடித்தவர். வெட்டி ஒட்டியவர். துணி தைத்தவர். பாதிப் பெயர்களைத் தப்பாகத்தான் சொல்லியிருப்பேன். அவர்களுக்கு மாரியப்பன், சின்னச்சாமி என்று பெயர் வைக்க மனம் வரவில்லை.

கடைசிப் பெயரும் போய், கதை நடக்கும் ஆற்றங்கரை தெரிந்தது. அங்கே நிறுத்தினேன். அந்தப் பட்டியலில் இல்லாத இரண்டு பேர் எனக்கு மிச்சம் இருந்தார்கள்.

"குழி தோண்டியவர்," என்றேன்.

காலிக் குடோனில் என் குரல் திரும்பி வந்தது.

"விளக்குக்கு ஏணி பிடித்தவர்."

பிறகு வேட்டியை அவிழ்த்து மடித்துக்கொண்டு வெளியே வந்தேன்.